எறியும் கைக்கு முன் காலும் இடுப்பும்: பேஸ்பாலுக்குப் புதிதாக வருவோர்க்கு ஒரு பயிற்சி வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்குப் பேஸ்பால் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். சிலர் கைப்பந்திலிருந்தும் கபடியிலிருந்தும் வருகிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சார், இன்னும் வேகமா எறியறதுக்கு என்ன செய்யணும்?” கேட்கும்போதே இடக்கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். கேள்வியில் பிழையில்லை, தொட்டுக் காட்டும் இடத்தில்தான் பிழை. தரையை உந்தும் காலில் தொடங்கி, இடுப்பு வழியாக ஏறி, நடுவுடலின் முறுக்கில் வளர்ந்து வரும் விசையைத் தோளும் முழங்கையும் விரல்களும் கடைசிக் கணத்தில் பந்துக்குக் கைமாற்றிவிடுகின்றன. மட்டை வீசுவதற்கும் இதே வரிசைதான். ஆகவே கீழே சொல்லப்படும் பயிற்சிகள் எல்லாம் காலில் தொடங்கிக் கையில் முடியும். கையில் தொடங்கிக் கையிலேயே முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு எலும்பு மருத்துவர்தான் வழிகாட்ட வேண்டியிருக்கும்.

கிரிக்கெட்டிலிருந்து எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவருவது

அளவுகளை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம் வரை. ஆடவர் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. சுற்றளவில் பேஸ்பால் ஒரு நூலிழை பெரிது. மட்டையாளருக்குப் பந்தெறியும் பிட்சர் நிற்கும் மேட்டுக்கும், மட்டையாளரின் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய மூலைகளான பேஸ்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 27.43 மீட்டர். மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய குறுக்குத் தொலைவு ஏறத்தாழ 38.8 மீட்டர். பந்து தரையில் குத்தி எழும் ஆட்டத்தில் வளர்ந்த நமக்கு, காற்றிலேயே வந்து சேரும் பந்து தொடக்கத்தில் மிக எளிதாகத் தோன்றும். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பிளேட்டை அடைய ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகும் என்பதை உணரும்போது அந்த எண்ணம் போய்விடும்.

கிரிக்கெட் ஆடியவரிடம் உயரப் பந்தின் போக்கைக் கணிக்கும் கண்ணும், ஓடிக்கொண்டே எடுத்து எறியும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும். அவை பெரிய முதல். விட்டுவர வேண்டியவை மூன்று. அடித்த பிறகு ஓடுவதா வேண்டாமா என்று யோசித்து நிற்கும் வழக்கம் இங்கே செல்லாது. அடித்த பந்து ஆட்ட எல்லைக்குள் விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். ஸ்டம்பைக் குறிவைத்து எறியும் வழக்கமும் செல்லாது. பேஸில் ஒரு காலை ஊன்றிக் காத்திருக்கும் கூட்டாளியின் மார்பு உயரத்துக்குப் பந்து போய்ச் சேர வேண்டும், ஏனெனில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸைத் தொடுவதுதான் பல வேளைகளில் அவுட். மூன்றாவதாக, வெறுங்கை இரண்டையும் குவித்துப் பந்தைப் பிடித்து உடலோடு அணைத்துக்கொள்ளும் பழக்கம். இதைத்தான் கடைசிவரை சிலரால் விட முடிவதில்லை.

ஈட்டி எறிதல், கைப்பந்து ஆகியவற்றிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பழக்கங்களின் சுமை இல்லை. 2008-இல் நடந்த ஓர் எறிதல் போட்டியின் மூலம் கண்டெடுக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. அமெரிக்காவில் சில மாதங்கள் பயிற்சி பெற்ற பின், அதே ஆண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஓடி வந்து முன்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அதன் பிறகே கையை விடும் ஈட்டிக்காரரின் உடலில் நாம் தேடும் வரிசை முன்பே பதிந்திருக்கிறது.

கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுதல்

கையுறை எறியாத கையில் அணிவது; வலக்கையால் எறிபவர் இடக்கைக் கையுறை வாங்க வேண்டும். கடையில் அவசரத்தில் மாற்றி வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதுக் கையுறை விறைப்பாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள். தோல் கனத்துத் தொய்ந்துவிடும். நாள்தோறும் பந்தைப் பிடித்துப் பழக்குவதும், இரவில் நடுக்குழியில் ஒரு பந்தை வைத்துக் கட்டிவிடுவதும் போதும். கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் பையிலேயே கிடக்கும் கையுறை பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆடி முடித்ததும் நிழலில் காற்றாட வையுங்கள்.

மட்டையின் எடை பற்றி ஒரு கைக்கணக்கு உண்டு. கைப்பிடியின் அடியில் ஒரே கையால் பிடித்து, தோளுக்கு நேரே பக்கவாட்டில் நீட்டி, 20 நொடி நிறுத்திப் பாருங்கள். அதற்குள் நுனி தாழ்ந்துவிட்டால் அந்த மட்டை உங்களுக்குக் கனம். பெரிய மட்டைதான் தூரம் அடிக்கும் என்பது புதியவர்களின் ஆசை. வேகமாக வீச முடியாத மட்டையால் எந்தப் பயனும் இல்லை.

அடித்துப் பழக வலை வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கழித்துப்போட்ட மீன்வலையைக் கேட்டு வாங்கி வந்து, நான்கு சவுக்குக் கழிகளை நட்டு நாங்கள் கட்டிய வலை இரண்டு பருவம் தாங்கியது. அதில் கற்ற பாடங்கள் இரண்டு. வலைக்கண் பந்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர்தான் என்பதால் பெரிய கண் வலையில் பந்து புகுந்து சாலைக்குப் போய்விடும். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அடித்த பந்து அடித்தவர் முகத்துக்கே திரும்பும் என்பதால், அரை மீட்டர் தொய்வு விட்டுக் கட்ட வேண்டும். பந்தை வைத்து அடிப்பதற்கான தாங்கியை, இடுப்பு உயரத்துக்கு வெட்டிய பி.வி.சி. குழாயை ஒரு வாளி சிமெண்டில் நட்டு, அதன் வாயில் வண்டி ரேடியேட்டரின் பழைய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி நீங்களே செய்துகொள்ளலாம். தலைக்கவசத்தையும், கேட்சருக்கான முகக்கவசம், மார்புக்கவசம் முதலியவற்றையும் மட்டும் இப்படி வீட்டில் செய்ய முயலாமல் முறையாக வாங்கிவிடுங்கள்.

எறிதல்

முதலில் பிடி. பந்தின் தையல் ஓரிடத்தில் குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அந்த வளைவின் அகலமான பகுதிக்குக் குறுக்காக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரு விரல் இடைவெளியில் படிய வேண்டும். கட்டைவிரல் நேர் கீழே. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சற்று வெளிச்சம் தெரிய வேண்டும். இப்படிப் பிடித்து எறிந்த பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். சரியாகச் சுழல்கிறதா என்று அறிய, ஒரு பழைய பந்தைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரே கோடாக ஒட்டுங்கள். கோட்டின் மேல் விரல்களை வைத்து எறியும்போது, பறக்கும் பந்தில் கோடு அசையாமல் ஒற்றைப் பட்டையாகத் தெரிந்தால் விரல்கள் பந்தின் நேர் பின்னே இருந்திருக்கின்றன. கோடு தள்ளாடினால் விரல்கள் பக்கவாட்டில் நழுவுகின்றன. எந்தப் பயிற்சியாளரும் சொல்லத் தேவையில்லாமல் பந்தே சொல்லிவிடும் என்பதால் இந்தக் கோட்டுப் பந்தை நான் பெரிதும் நம்புகிறேன்.

அடுத்தது நிலை. இலக்குக்குப் பக்கவாட்டாக நின்று, கையுறை உள்ள தோளை இலக்கு நோக்கி வையுங்கள். உடல் எடையைப் பின்காலின் உட்பாதத்தில் இறக்கி, அந்தக் காலால் தரையைப் பின்னே தள்ளி, முன்காலை இலக்கை நோக்கி எடுத்து வையுங்கள். முன்பாதம் தரையில் படும் நொடியில் எறியும் முழங்கை தோள் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். மார்பு இன்னும் பக்கவாட்டிலேயே இருக்க வேண்டும். இதன் பிறகு இடுப்பு திரும்ப, மார்பு அதைத் தொடர, கை கடைசியாக வரும். பந்தை விட்ட பின் கையை அந்தரத்தில் நிறுத்தாமல், அது எதிர் முழங்காலைத் தாண்டி இறங்கும்வரை போக விடுங்கள். திடீரென நிறுத்தப்படும் கையின் அதிர்ச்சி முழுவதையும் தோளின் பின்புறச் சிறு தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

கிரிக்கெட் பிள்ளைகளிடம் நான் காணும் குறை பெரும்பாலும் ஒன்றே: முழங்கை தோளுக்குக் கீழே தொங்க, மணிக்கட்டைச் சுண்டி எறிவார்கள். கிட்ட நின்று ஸ்டம்பை அடிக்க அது உதவும். 27 மீட்டரில் அது பந்தை வளைத்து இழுப்பதோடு முழங்கையின் உட்பக்கத்தையும் வருத்தும். திருத்த ஒரு வழி, எறியும் பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, பத்து மீட்டரில் கூட்டாளியோடு 20 எறிகள் எறிவது. கால்கள் கட்டுண்டிருப்பதால் மார்பின் திருப்பமும் முழங்கையின் உயரமும் தனியே கண்ணுக்குத் தெரியும். பிறகு எழுந்து நின்று, பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி 20 எறிகள். அதன் பிறகே முழு அடி எடுத்துவைத்து எறிவது.

காலின் பங்கை வாயால் விளக்கிக் களைத்திருந்த காலத்தில் கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்து சேர்ந்தான். மட்டையோ பந்தோ அதிகம் தொட்டதில்லை. வலைக்கயிற்றை இழுப்பவர்கள் குதிகாலை மணலில் புதைத்து, உடலைச் சாய்த்து, இடுப்பிலிருந்து இழுப்பார்கள். கையால் மட்டும் இழுத்தால் கயிறு அசையாது என்பது அவன் உடம்புக்கே தெரிந்திருந்தது. பிடியையும் முழங்கையின் உயரத்தையும் மட்டும் திருத்தினோம். மூன்றாம் வாரத்தில் மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு அவன் எறிந்த பந்து, இரண்டாண்டுகளாக ஆடுபவர்களின் பந்தைவிடத் தாழ்வாகவும் நேராகவும் போய்க் கையுறையில் அறைந்தது. அன்று முதல் மற்றவர்களையும் ஒரு தாம்புக்கயிற்றின் மறுமுனையில் இருவரைப் பிடிக்கச் சொல்லி இழுக்க வைக்கிறேன்.

தொலைவை அவசரப்பட்டுக் கூட்ட வேண்டாம். முதல் இரு வாரம் 10 முதல் 15 மீட்டர், அடுத்த இரு வாரம் 18 மீட்டர், அதன் பிறகு 27 மீட்டர். பத்து எறிகளில் குறைந்தது எட்டு, கூட்டாளி தன் இடத்தைவிட்டு நகராமல் மார்பு உயரத்தில் பிடிக்கும்படி அமைந்தால்தான் அடுத்த தொலைவுக்குச் செல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வாரம் ஒருமுறை எடுத்து, முன்பாதம் பதியும் நொடியில் நிறுத்தி முழங்கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

பிடித்தலும் தடுத்தலும்

உருண்டு வரும் பந்துக்குக் கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, இடுப்பை இறக்கி, கையுறையின் விரல்நுனி தரையில் உரசும்படி உடலுக்கு முன்னே நீட்டுங்கள். எறியும் கை மேலே திறந்து நிற்க வேண்டும். பந்து வந்ததும் முதலை வாயை மூடுவதுபோல் மூடி, வயிற்றருகே கொண்டுவந்து, அங்கேயே பிடியைத் தேடிக்கொள்ள வேண்டும். கையுறை கீழிருந்து மேலே வருவது எளிது, மேலிருந்து கீழே போவது தாமதம் என்பதால், தொடக்கத்திலேயே தாழ்வாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் மைதானம் போன்ற மேடுபள்ளமான தரையில் பந்து எப்படியும் ஏமாற்றிக் குதிக்கும். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கத்தைப் போக்க, முதல் மாதம் டென்னிஸ் பந்திலேயே பழகுங்கள். வீட்டு மதில்சுவரில் எறிந்து, திரும்பி வருவதை வெறுங்கையால் அள்ளுவது நாளொன்றுக்கு நூறு முறை.

உயரப் பந்துக்கு முதல் அடி எப்போதும் பின்னோக்கி. முன்னே ஓடி வருவது எளிது, தலைக்கு மேல் போய்விட்ட பந்தை யாராலும் திருப்ப முடியாது. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கிழக்கிலிருந்து பந்து தள்ளப்படும் என்பதை நம் பக்கத்து வீரர்கள் மைதானத்தில் இறங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பது போதும்.

அடித்தல்

பிடியின் வரிசை கிரிக்கெட்டில் உள்ளதேதான்: வலக்கை மட்டையாளருக்கு இடக்கை கைப்பிடியின் முனையிலும் வலக்கை அதை ஒட்டி மட்டையின் பருத்த பக்கமாகவும் இருக்கும். மாறுவது மட்டை நிற்கும் திசை. அங்கே தரையை நோக்கியிருந்தது இங்கே பின்தோளுக்கு மேல் வானை நோக்கி நிற்கிறது. உள்ளங்கையில் இறுக்காமல் விரல்களில் பிடியுங்கள். கதவைத் தட்டப் பயன்படும் விரல்மூட்டுகள் இரு கையிலும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் வந்தால் பிடி சரி.

வீச்சின் வரிசையைத் தாங்கியில் வைத்த பந்தில்தான் கற்க வேண்டும். எடையைப் பின்காலில் ஏற்றுங்கள். முன்காலைச் சிறிதளவே எடுத்து வையுங்கள். குதிகால் தரையில் படிந்ததும் இடுப்பு திரும்பட்டும். கைகள் உடலை ஒட்டி வந்து, பந்தை முன்காலுக்கு நேராகவோ சற்று முன்னதாகவோ சந்திக்கட்டும். அடித்து முடித்த பிறகும் கண் பந்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கிரிக்கெட் பழக்கத்தில் முன்காலை நீளமாக நீட்டி உடலையும் கூடவே கொண்டுபோய்விடுபவர்களுக்கு, தொப்பிக்கு நேர் பின்னே ஒரு சவுக்குக் கழியை நட்டுக் காணொளி எடுத்துக் காட்டினால், தலை எவ்வளவு தூரம் பயணம் போகிறது என்று தாமே சிரித்துவிடுவார்கள். ஒரு நாளைக்குத் தாங்கியில் 50 வீச்சு போதும். பத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். களைப்பில் வீசும் இருநூறு வீச்சு தவறான வீச்சைத்தான் உடம்பில் பதிய வைக்கும்.

சிறுவயதில் கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு, எழும்பிய புள்ளைக் காற்றிலேயே அடித்த நினைவு இருக்கும். அந்தக் கண்ணைத் திரும்பக் கொண்டுவர, இறகு உதிர்ந்த பழைய இறகுப்பந்துகளைச் சேர்த்து வைத்து, ஒருவர் எட்டடி தள்ளிப் பக்கவாட்டில் அமர்ந்து மெல்லத் தூக்கிப்போட, துடைப்பக் கழியால் அடித்துப் பழகலாம். சிறிய பொருளைச் சன்னமான கழியால் தொடப் பழகியவருக்கு உண்மைப் பந்து பூசணிக்காய் போலத் தெரியும்.

எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது என்பதும் திறமைதான். ஹோம் பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். அந்த அகலத்தில், முழங்காலின் அடிப்பகுதியிலிருந்து தோளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள மட்டம் வரை உள்ள வெளிதான் ஸ்ட்ரைக் பகுதி. அதற்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும், எந்தப் பந்தையும் வீசித் தவறவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியே போக வேண்டும். மட்டையை வீசாமல் விட்ட நான்கு பந்துகள் ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போனால் முதல் பேஸ் இலவசமாகக் கிடைக்கும். பிட்சர் பழகும்போது தலைக்கவசத்தோடு போய் நின்று, மட்டையை வீசாமல், ஒவ்வொரு பந்தும் கேட்சரின் கையுறையில் விழும் முன் “உள்ளே”, “வெளியே” என்று உரக்கச் சொல்லுங்கள். முப்பது பந்துகளில் எத்தனை சரி என்று கேட்சர் கணக்கு வைக்கட்டும். எந்தச் செலவும் களைப்பும் இல்லாத இந்தப் பயிற்சியைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுவது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

ஓட்டமும் உடல் வலிமையும்

மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டுப் பயிற்சியைத் தொடங்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இந்த ஆட்டத்தில் ஒரு வீரர் முழு வேகத்தில் இயங்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சில நொடிகளே. அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் அடித்துவிட்டு முதல் பேஸை அடைய நாலேகால் நொடி அளவில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே 10, 20, 27 மீட்டர் பாய்ச்சல்களை ஆறு முதல் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே முழுதாக மூச்சு திரும்பும்வரை ஓய்வெடுத்து ஓடுங்கள். முதல் பேஸைத் தாண்டி நேராக ஓட விதி அனுமதிக்கிறது என்பதால், பேஸை நெருங்கும்போது வேகம் குறைப்பதும், தாவி விழுவதும் வீண். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சின் மணலில் ஓடுவது கால்களுக்கு நல்லதுதான். நீரோரத்து இறுகிய மணலில், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சரிந்த கரையில் ஒரே திசையில் நெடுநேரம் ஓடினால் ஒரு பக்கத்துக் கணுக்கால் வலிக்கும்.

வலிமைப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல். ஆழமான பஸ்கி, முன்னே அடி வைத்து முழங்கால் மடக்கும் பயிற்சி, ஒற்றைக்காலில் நின்று இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்தல் ஆகியவற்றை எட்டு முதல் பன்னிரண்டு வரை மூன்று சுற்று செய்யுங்கள். மேலுடலுக்குத் தண்டால் ஒரு பங்கு என்றால், கம்பியைப் பிடித்துத் தொங்கி இழுக்கும் பயிற்சி இரண்டு பங்கு இருக்க வேண்டும். எறிவதால் மார்பும் முன்தோளும் தாமாகவே இறுகிக்கொண்டிருக்க, கையை நிறுத்தும் வேலையைச் செய்யும் முதுகும் பின்தோளும் பின்தங்கிவிடுகின்றன; தண்டால் மட்டுமே எடுப்பவர் இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் பெருக்கிக்கொள்கிறார்.

பின்தோளின் சிறு தசைகளுக்குப் பழைய சைக்கிள் ட்யூப் போதும். ட்யூபை நீளவாக்கில் கிழித்து, ஒரு முனையைக் கம்பத்தில் முழங்கை உயரத்தில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகையில் மடக்கி, முன்கையை வெளிப்புறமாக மெல்லத் திருப்பி, இழுத்ததைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் முழங்கை விலகும்போது அது விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். 15 முறை வீதம் இரண்டு சுற்று, எறிவதற்கு முன் பாதி, வலிமை நாளில் முழுதும். கர்லாக்கட்டை சுற்றத் தெரிந்தவர்கள் எடை குறைந்த கட்டையைத் தோளைச் சூடாக்கப் பயன்படுத்தலாம். கனமான கட்டையைச் சுற்றிவிட்டு உடனே பந்தெறிய வர வேண்டாம்.

முறுக்கு விசைக்குக் கனப் பந்தைச் சுவரில் எறியும் பயிற்சி சிறந்தது. பழைய கூடைப்பந்தில் செய்யலாம். முழுதும் மணலை நிரப்பினால் பத்து கிலோவைத் தாண்டி, அது பந்தாக இல்லாமல் உரலாகிவிடும். நாங்கள் முதலில் அப்படித்தான் செய்தோம். இரண்டு கிலோ மணலை இரட்டைப் பையில் கட்டி நடுவில் வைத்து, சுற்றிலும் பழந்துணியை அடைத்துத் தைத்துவிடுங்கள். சுவருக்குப் பக்கவாட்டாக நின்று, பின்காலில் எடையேற்றி, இடுப்பைத் திருப்பி, இரு கையாலும் எறியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு முறை, மூன்று சுற்று. கை முந்திக்கொண்டால் இந்தப் பந்து சுவரைச் சென்று சேராது.

எறிகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

கல்லூரி நாட்களில் ஒரு தேர்வு முகாமுக்கு முந்தைய வாரம், அப்போதைய பயிற்சியாளர் போதும் என்று சொல்லாததால் ஒரே காலையில் 150 பந்துகளுக்கு மேல் எறிந்தேன். மறுநாள் முழங்கையின் உட்பக்கம் வீங்கியது. முகாமுக்குப் போக முடியவில்லை; ஐந்து மாதம் தண்ணீர்க் குடத்தை இடக்கையால்தான் தூக்கினேன். பின்னர்தான் தெரிந்துகொண்டேன், இளையோர் எத்தனை எறியலாம் என்பதற்குக் கணக்கு உண்டென்று. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் 2014-இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிமுறைப்படி, ஒரே நாளில் பிட்சர் எறியத்தக்க பந்துகளின் உச்ச அளவு 11, 12 வயதினருக்கு 85. 13 முதல் 16 வயது வரை 95. 17, 18 வயதினருக்கு 105. 14 வயது வரை உள்ளவர் 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. 15, 16 வயதினருக்கு அந்த எல்லை 76. பிட்சராக எறிந்தவரை அதே நாளில் கேட்சராகவும் நிறுத்தக் கூடாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

புதியவர்களுக்கு இதில் பாதிதான் என் கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தொலைவு, எறிகளின் எண்ணிக்கை, மறுநாள் காலை கை எப்படி இருந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். பின்தோளிலோ முதுகிலோ பரவலாக வலித்து இரண்டு நாளில் தணிந்தால் அது உழைத்த வலி. முழங்கையின் உட்பக்கத்தில் அல்லது தோளின் முன்புறத்தில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, விரல் மரத்துப்போதல், வேகம் திடீரெனக் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்வது வளரும் பிள்ளைகளுக்கு மிகவும் கெடுதி, அவர்களின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. பெரியவர்களில் கிழிவது பெரும்பாலும் முழங்கையின் உட்பக்கத் தசைநார். அதை மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை 1974-இல் டாம்மி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்ததால், இன்றும் அது அந்த ஆட்டக்காரரின் பெயராலேயே வழங்குகிறது. அதிலிருந்து மீண்டு ஆட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

வெயிலும் உணவும்

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் மதியப் பயிற்சி வேண்டாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். அதை உப்பிட்ட மோராலும் இளநீராலும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுங்கள். வலிமைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவைப்படும். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் இருக்கிறது. மீதியைச் சுண்டல், பருப்பு, மத்தி மீன், தயிர் என்று வீட்டுச் சமையலிலேயே தேடிக்கொள்ளலாம். டப்பாவில் விற்கும் மாவுக்கு முன் இரவு எட்டு மணி நேரத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

மழைக்காலமும் அதற்குப் பிறகும்

முன்பு சொன்ன ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிமுறை, இளம் பிட்சர்கள் ஆண்டுக்கு நான்கு மாதமாவது போட்டியில் எறியாமல் இருக்க வேண்டும் என்றும், அதில் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மாதம் எந்த வகையான தலைக்குமேல் எறிதலும் கூடாது என்றும் சொல்கிறது. நமக்கு அதை வடகிழக்குப் பருவமழையே செய்துகொடுக்கிறது. ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரை கடலூரிலும் புதுச்சேரியிலும் மைதானங்கள் சேறாகவே கிடக்கும். தோல் பந்து நனைந்தால் கனத்துக் கையைக் கெடுக்கும். அந்த மாதங்களில் பந்தைத் தொடாமல், கூரைக்குக் கீழே பஸ்கியும் தொங்கி இழுத்தலும் கனப் பந்தும் ட்யூபும் மட்டும் செய்யுங்கள். சென்ற பருவத்தின் காணொளிகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் அதுவே காலம்.

பொங்கல் கழிந்ததும் மீண்டும் எறியத் தொடங்கும்போது, கால் வலுத்திருக்கும், கை எறிதலை மறந்திருக்கும். பழைய வேகத்தில் முதல் நாளே எறியத் தோன்றும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து மீட்டரில் 25 எறிகள், பாதி வேகத்தில். இரண்டாம் வாரம் 15 மீட்டரில் 35. மூன்றாம் வாரம் 20 மீட்டரில் 40, அவற்றில் கடைசிப் பத்து மட்டும் முக்கால் வேகத்தில். நான்காம் வாரம் 27 மீட்டர். எந்த வாரத்திலாவது முழங்கை உறுத்தினால் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள். மேட்டில் ஏறிப் பிட்ச் செய்வது ஆறாம் வாரத்துக்கு முன் வேண்டாம். ஏறும் அன்று 15 பந்துகள் மட்டும் எறிந்துவிட்டு, நோட்டில் எழுதி வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.